குருசுத்திட்டியில் இறக்கிய பாய்

கிறிஸ்துநாயகத்துக்கு வாய் பேசத் தொடங்குமுன் கை பேசி முடித்துவிடும். தன் கலியாணத்தன்றே, படம்பிடிக்க வந்தவன் "கொஞ்சம் சிரியுங்கோ" என்று மூன்றாந்தடவை சொன்னதற்காகக் கோவில் வாசலில் வைத்து அவன் கன்னத்தில் ஒன்று வைத்தவர். அந்தப் படத்தில் மாப்பிள்ளை சிரிக்கவில்லை, பெண் சிரிக்கிறாள். பாவம், அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஏழாம் வருடம் நெருப்புக்காய்ச்சலில் அவள் போய்ச்சேர்ந்தாள். பிள்ளைகுட்டி இல்லாத மனிதர், வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பைத் தம்பி பெண்சாதியிடம் கொடுத்துவிட்டு வத்தையிலேயே குடியேறிவிட்டார்.

வத்தை என்பது பாரம் ஏற்றும் பாய்த்தோணி. அடிப்பாகம் தட்டை, ஆழமில்லாத கடலிலும் தவழ்ந்து போகும். அவருடைய வத்தைக்கு 'அற்புத மாதா' என்று பெயர். ஊர்காவற்றுறையில் அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டு நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு என்று தீவு தீவாகப் போகும். திரும்பும்போது ஆடும், காயவைத்த பனங்கிழங்காகிய ஒடியலும், மாட்டெருவும் கொண்டுவரும். எரு மருதனார்மடம், மானிப்பாய்ப் பக்கத்துப் புகையிலைத் தோட்டங்களுக்குப் போவது. லொறியில் ஏறும்வரை அதன் வாசனை வத்தையிலிருந்த மூன்று பேருக்கும் சொந்தம். கிறிஸ்துநாயகம் தண்டையல், அதாவது வத்தைக்குத் தலைவர். சுக்கான் அவர் கையில். தம்பி அருட்பிரகாசத்தின் பொறுப்பில் பாய். மூன்றாமவன் தியாகலிங்கம், வல்வெட்டித்துறைப் பக்கத்துச் சைவக்காரன், சிவனைக் கும்பிடுகிறவன். சமையலும் தண்ணீர் இறைப்பும் அவனுடையவை.

திங்கள் விடியப் புறப்பட்டால் சனி பின்னேரம்தான் வீடு. விடிந்ததும் முதல் வேலை, இரவு முழுக்க அடியில் ஊறிய தண்ணீரை இறைப்பது. பிறகு பழஞ்சோறும் வெங்காயமும். மண் நிரப்பிய பலகைப் பெட்டியில் மூன்று கல் வைத்ததுதான் அடுப்பு. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் அலை எகிறி வந்து அடுப்பை அணைக்கும். தியாகலிங்கம் அதை மறுபடி மூட்டுவான், அலை மறுபடி அணைக்கும். இருவரும் பிடிவாதக்காரர், பெரும்பாலும் அலைதான் வெல்லும். அரை அவியலாகச் சோறு வந்தால் தண்டையலின் அகப்பை தியாகலிங்கத்தின் முதுகில் விழும். கறியில் உப்புக் கூடினாலும் விழும். "சுத்திவர உப்புத்தானே தண்டையல், அது எட்டிப் பாக்காமல் விடுமோ?" என்று அவன் கேட்பான். அதற்கும் ஒன்று விழும். மூன்று தரம் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனவன், மூன்று தரமும் திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிட்டான். இவ்வளவு அடிக்கிற மனிதர் சாப்பாட்டை மூன்று பேருக்கும் சரிசமமாகப் பங்கு போடுவார். குடிதண்ணீர்ப் பீப்பாவில் கடைசிக் கோப்பையைத் தான் குடிக்கமாட்டார்.

அருட்பிரகாசம் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. தகப்பனைக் கடல் கொண்டபோது அவனுக்கு ஐந்து வயது, அண்ணனுக்குப் பதினாறு. தோளில் தூக்கிக்கொண்டுபோய்த்தான் அவனுக்கு நீந்தப் பழக்கினார். பயந்து அழுதபோது அடித்துத்தான் பழக்கினார். இப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது, பெர்னடெட் என்ற மனைவி, மூன்று பிள்ளைகள். அண்ணன் கையை ஓங்கினால் இன்னமும் கண்ணை மூடிக்கொள்வானே தவிர, விலகமாட்டான். ஞாயிறு பூசை முடிந்து பெர்னடெட் போடுகிற சோற்றுக்காகத்தான் கிறிஸ்துநாயகம் வாரத்தில் ஒருநாள் கரையில் தங்கினார். உலகத்தில் அவருக்கென்று இருந்தது அந்தத் தம்பியும் அந்த ஒருவேளைச் சோறும்தான்.

நெடுந்தீவிலிருந்து வரும் வழியில், ஆழக்கடல் முடிந்து ஆழமில்லாத கடல் தொடங்குமிடத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. அதன் நடுவில் ஒரு குருசு, மரச் சிலுவை. கிறிஸ்துநாயகத்தின் பாட்டன் காலத்தில் ஒரு தோணி அங்கே உடைந்து, தப்பிய மூன்று பேர் முறிந்த பாய்மரத்தைக் குறுக்கே கட்டி நட்டதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து அது குருசுத்திட்டி. அதைக் கடக்கும்போது பாயைப் பாதிக்கு இறக்கி, தலைப்பாகையைக் கழற்றி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி, பிறகு பாயை ஏற்றிக்கொண்டு போவது அவர்களுடைய வழக்கம். புயலில் ஓடிவந்தாலும் இறக்கித்தான் ஏற்றுவார்கள். தகப்பன் கடைசியாகப் போன பயணத்தில் அவசரத்தில் பாயை இறக்காமல் போனார் என்று ஊரில் ஒரு கதை. அது உண்மையோ பொய்யோ, கிறிஸ்துநாயகம் அதை முழுக்க நம்பினார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கடலின் குணமே மாறிவிட்டது. நேவிப் படகுகள் பகலில் எங்கேயும் நின்றன. வலையோடு போனவர்கள் வலையில்லாமல் வந்தார்கள். சிலரை அலைதான் கொண்டுவந்து போட்டது. எண்பத்தாறாம் ஆண்டு இறங்குதுறைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். நேவிப் படகைக் கண்டால் பாயை முழுதாக இறக்கி, கையை உயர்த்தி நிற்கவேண்டும். இறக்கிய பாயைத் திரும்ப ஏற்றினால் தப்பி ஓடுவதாகக் கொள்ளப்படும், சுடப்படும். கிறிஸ்துநாயகம் அதில் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அருட்பிரகாசம் அதை இரண்டு தரம் வாசித்தான்.

அது வைகாசி மாதம், சனிக்கிழமை. வத்தையில் அறுபது சாக்கு எரு, பதினாறு ஆடு. சோளகம் பின்னாலிருந்து தள்ளியது. விடியற் பழஞ்சோறு செமிக்கமுன்னமே குருசு தெரிந்தது. அதற்கு வடக்கே, ஆழக்கடல் ஓரத்தில், சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது.

"அண்ணை, இண்டைக்குப் பாயைத் தொட வேண்டாம்" என்றான் அருட்பிரகாசம். "அங்கை நிக்கிறான். நாங்கள் இறக்கிப்போட்டு ஏத்தினால், தன்னைக் கண்டுட்டு ஓடுறமெண்டுதான் நினைப்பான்."

"அவன் எங்கையோ நிக்கிறான். குருசு இஞ்சை நிக்குது."

"தலைப்பாவைக் கழட்டுவம், மந்திரம் சொல்லுவம். மாதா கோவிக்கமாட்டா. இல்லாட்டி முழுசா இறக்கிப்போட்டு நிப்பம், அவன் வந்து பாத்திட்டுப் போகட்டும்."

"நேவிக்காரனுக்கு முழுசா இறக்குவாய், மாதாவுக்கு இறக்கமாட்டாய், அப்பிடியோ?"

"அண்ணை, எனக்கு மூண்டு பிள்ளையள்."

அவன் அதைச் சொல்லியிருக்கக்கூடாது. பிள்ளையில்லாத மனிதருக்கு அது வேறு இடத்தில் போய்க் குத்தியது. சுக்கானை விட்டு எழும்பிப் புறங்கையால் தம்பியின் வாயில் அடித்தார். செத்துப்போன மனைவி போட்ட கலியாண மோதிரம் இன்னும் அந்த விரலில்தான் இருந்தது. மேலுதடு பிளந்து இரத்தம் நாடியில் வழிந்தது. தியாகலிங்கம் ஆட்டுக்குக் குழை போடுவதுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

அருட்பிரகாசம் வாயைத் துடைக்கவில்லை. பாய்மரத்தடிக்குப் போய்க் கயிற்றைத் தளர்த்திப் பாயைப் பாதிக்கு இறக்கினான். மூவரும் தலைப்பாகையைக் கழற்றினார்கள், சைவக்காரனும்தான். அண்ணன் மந்திரத்தைச் சத்தமாகச் சொன்னார். தம்பி பிளந்த உதட்டோடு முணுமுணுத்தான். ஆமென் சொல்லி முடித்து, அவன் இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றத் தொடங்கினான்.

சத்தம் பிறகுதான் கேட்டது. முதலில் பாயில் வரிசையாக ஓட்டை விழுந்தது. ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. எருச் சாக்குகள் வெடித்துத் தூசி கிளம்பியது. தியாகலிங்கம் சாக்குகளுக்கிடையில் முகம் குப்புற விழுந்தான். அருட்பிரகாசம் கயிற்றை விடாமலே மெல்ல மெல்லக் கீழே குந்தினான், களைத்தவன் குந்துவதுபோல. அவன் கை தளர்ந்ததும் பாய் தானாகச் சரசரவென்று இறங்கி அவனை மூடிவிட்டது.

பாயை விலக்கியபோது அவனுடைய அடிவயிற்றில் ஒரு துப்பாக்கிச் சன்னம், தொடையில் ஒன்று. நேவிப் படகு கூப்பிடு தூரத்துக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை, திட்டுப்பக்கம் வந்தால் அடி தட்டும் என்று அதற்குத் தெரியும். ஒலிபெருக்கியில் ஒருவன் கொச்சைத் தமிழில் கத்தினான். அங்கேயே நில்லு, சின்னப் படகு அனுப்பிப் பார்க்கிறோம், பாயை ஏற்றினால் மூன்று பேரையும் சுடுவோம். கிறிஸ்துநாயகம் கையை உயர்த்திக்கொண்டு, "காயக்காரன் இருக்கிறான், ஆசுபத்திரிக்கு விடுங்கோ" என்று தொண்டை கிழியக் கத்தினார். படகு திரும்பி ஆழத்துக்குப் போய் நங்கூரம் போட்டது. சின்னப் படகு வரவேயில்லை.

தியாகலிங்கம் தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டினான். கட்டக் கட்ட நனைந்தது. எது ஆட்டின் இரத்தம், எது மனிதனுடையது என்று தெரியவில்லை. ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குப் பாய் விரித்தால் ஒரு மணித்தியாலம். பாய் விரிக்காவிட்டால் இந்த ஒரே இடத்தில் கிடந்து தம்பி இரத்தம் வடிந்தே போய்விடுவான். கிறிஸ்துநாயகம் கயிற்றில் கை வைத்தார்.

"ஏத்தாதை அண்ணை" என்றான் கீழே கிடந்தவன். "தியாகுவும் சாவான்."

அவர் கயிற்றை விட்டார். கடலைப் பார்த்தார். திட்டிலிருந்து கரைவரை வற்றுக் கடல், இடுப்பளவும் மார்பளவும்தான் தண்ணீர். பாரத்தைக் குறைத்தால் வத்தை முழங்கையளவு தண்ணீரிலும் மிதக்கும். பாயை ஏற்றக்கூடாது என்றுதானே சொன்னான், இழுக்கக்கூடாது என்று சொல்லவில்லையே.

செத்த ஆடுகளையும் எருச் சாக்குகளையும், நேவிப் படகுக்குத் தெரியாத பக்கத்தால், ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்கள். பிறகு அவர் அதே பக்கத்தால் இறங்கி, முன்னுக்குக் கட்டிய கயிற்றைத் தோளில் மாட்டி, தலை மட்டும் வெளியே தெரிய இழுக்கத் தொடங்கினார். தூரத்தில் பார்க்கிறவனுக்குப் பாயில்லாத வத்தை காற்றில் அசைந்து ஒதுங்குவதுபோல இருக்கும். தியாகலிங்கத்தைக் காயக்காரனோடு இருக்கச் சொன்னார். வாய் ஓயாமல் கதை குடு, நித்திரையாக விடாதே என்றார்.

வெறுங்காலில் சிப்பி வெட்டியது. திருக்கை மீன் மிதிபட்டால் முள்ளை ஏற்றிவிடும் என்பதால் காலைத் தூக்காமல் சேற்றில் தேய்த்துத் தேய்த்து வைத்தார். கயிறு தோளை உரித்தது, உரிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் எரிந்தது. உச்சி வெயில் தலையில் இறங்கியது. ஆட்டிரத்தத்துக்கு வந்த மீன்கள் தொடையில் முட்டின. எதையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் வத்தைக்குள்ளிருந்து கேட்ட குரலைத்தான்.

"தம்பி என்ன சொல்லுறான்?"

"தண்ணி கேட்டவன். வாயை நனைச்சு விட்டனான்."

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாந்தடவை சுட்டார்கள். வத்தை நகர்வதில் சந்தேகம் வந்ததோ, சும்மா பொழுதுபோக்கோ, தெரியாது. பாய்மரத்தின் தலை பிளந்து விழுந்தது. சன்னங்கள் தண்ணீரில் வரிசையாகத் தைத்துக்கொண்டு போயின. கிறிஸ்துநாயகம் மூக்குமட்டும் வெளியே வைத்துக்கொண்டு, சுடுவது ஓயும்வரை அசையாமல் நின்றார். பிறகு இழுத்தார்.

"தியாகு! தம்பிக்கு ஒண்டும் படேல்லையே?"



"இல்லைத் தண்டையல். அப்பிடியேதான் கிடக்கிறான்."

"கதைக்கிறானோ?"

"ஓம். எவ்வளவு தூரமெண்டு கேக்கிறான்."

"கோவில் கூரை தெரியுதெண்டு சொல்லு."

தியாகலிங்கம் சொன்னான். பெர்னடெட் இப்போது குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்பாள் என்றும், மூத்தவன் துறையில் வந்து காத்திருப்பான் என்றும் சொன்னான். கிறிஸ்துநாயகத்துக்கு அந்தச் சத்தம் பிடி கயிறாக இருந்தது. மார்பளவு தண்ணீர் இடுப்பளவாகக் குறைய, அடியில் ஊறிய தண்ணீரோடு வத்தை கனத்தது. வாழ்க்கையில் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்ல, தம்பியின் முகம் தெரியாத அந்த இடம் வசதியாக இருந்தது.

"தம்பி" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "வாயிலை அடிச்சது பிழைதான். நீ சொன்னதைக் கேட்டிருக்க வேணும். கேக்குதோ?"

வத்தைக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதாம்" என்றான் தியாகலிங்கம். "'அதுக்கென்ன அண்ணை' எண்டு சொல்லுறான்."

கிறிஸ்துநாயகம் அழுதார். தண்ணீருக்குள் நின்று அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவர் இழுத்த இழுவை ஐம்பது வயது மனிதன் இழுக்கிற இழுவை அல்ல. பொழுது சாய்கிற நேரத்தில் வத்தையின் வயிறு கரை மணலில் உரசியது.

துறையில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். அவர் வத்தையில் ஏறித் தம்பியின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தார். தலை தனியாக வரவில்லை, உடம்பு முழுக்க ஒன்றாக வந்தது. விறைத்துப்போயிருந்தது. கண் இரண்டும் மூடப்பட்டிருந்தன. யாரோ விரலால் மூடிய மாதிரி, ஒழுங்காக.

"எப்ப?" என்றார்.

தியாகலிங்கம் தலை நிமிரவில்லை. "ரெண்டாந்தரம் சுட்டாங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னம்."

"ஏன்ரா சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் பாயை ஏத்தியிருப்பியள். இல்லாட்டி அவங்களுக்கு நேரை நடந்து போயிருப்பியள். உங்களைத் தெரியாதே எனக்கு? என்னை அவன் சாக விடேல்லை, உங்களை நான் விடுவனோ?"

"அப்ப அந்த 'அதுக்கென்ன அண்ணை' எண்டது?"

"அது நான்தான் சொன்னது."

கை ஓங்கியது, அடி விழுந்தது. தியாகலிங்கம் இரத்தத்தில் வழுக்கி விழுந்து எழும்பினான், திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றான். இரண்டாவது அடி விழவில்லை. திருந்திவிட்டார் என்று சொல்லமாட்டேன், தோள் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் பலகை வாங்கின்மேல் அவனைக் கிடத்தினார்கள். விளக்கு வைக்கிற நேரம். பிள்ளைகளை அயலட்டைக்காரர் கூட்டிப்போய்விட்டார்கள். பெர்னடெட் ஒரு தரம்தான் கத்தினாள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, யாரையும் கிட்ட விடாமல் தானே துடைக்கத் தொடங்கினாள். வயிற்றுக் காயத்தையும் தொடைக் காயத்தையும் பார்த்தாள். நேவிக்காரன் சுட்டது என்று ஊரே சொல்லிவிட்டது, அதில் கேட்க ஒன்றுமில்லை. முகத்துக்கு வந்தபோது கை நின்றது. மேலுதட்டில் காய்ந்த வெடிப்பை விரலால் தடவினாள்.

"இது சன்னம் பட்டதில்லை" என்றாள்.

கதவடியில் நின்ற தியாகலிங்கம் முந்திக்கொண்டான். "விழேக்கை பாய்மரத்திலை அடிபட்டது, அக்கா."

அவன் நல்லவன். அன்றைக்குச் சொன்ன பொய்கள் போதாதென்று இன்னொன்றும் சொல்லத் தயாராக இருந்தான். கிறிஸ்துநாயகம் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். அந்தப் பொய்யை எடுத்துக்கொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது. எடுத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைச் சோறு இருக்கும், பிள்ளைகள் பெரியப்பா என்று வரும், இந்த வீட்டு வாசல் அவருக்குத் திறந்திருக்கும்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "அது நான். பாயை இறக்க வேண்டாம் எண்டு சொன்னவன். மூண்டு பிள்ளையள் எண்டு சொன்னவன். நான் வாயிலை அடிச்சு இறக்க வைச்சனான்."

பெர்னடெட் கத்துவாள், காறித் துப்புவாள், தலையில் மண்ணை அள்ளிப்போடுவாள் என்று அவர் காத்திருந்தார். அப்படிச் செய்தால் தாங்கலாம் போலவும் இருந்தது. அவளோ அவருடைய வலது கையையும் அதிலிருந்த மோதிரத்தையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தண்ணீர்ச் சட்டியை அவர் முன்னால் நகர்த்தி, துணியைப் பிழிந்து அந்தக் கையில் வைத்தாள்.

"அப்ப அந்த இடத்தை நீங்களே துடையுங்கோ, அத்தான்."

அவர் முழங்காலில் எழும்பித் துடைத்தார். விடியலிலிருந்து காய்ந்த இரத்தம், லேசில் போகவில்லை. உதடு கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து, தொட்டும் தொடாமலும் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.